பத்து நிமிஷம் வண்டி நிக்கும்

ராத்திரி ஒன்றரை மணி. சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்து, திண்டிவனம் தாண்டி இருட்டில் ஒரு மோட்டலுக்குள் ஒதுங்குகிறது. ஒரு பையன் ஓடி வந்து தடியால் வண்டித் தகரத்தில் டமடமவென்று தட்டுகிறான். "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்! டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்! இதை விட்டா வேற எங்கயும் நிக்காது!" கடைசி வாக்கியம் தகவலா மிரட்டலா என்பது அவரவர் பசியைப் பொறுத்தது.

உள்ளே போனால் தோசை என்ற பெயரில் ஒன்று வரும். சாம்பாரில் முருங்கைக்காய் குளித்துவிட்டுப் போனதற்கான தடயம் மட்டும் இருக்கும். விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும், அதனால் டீ வாங்கும் செலவு மிச்சம். இதெல்லாம் தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் சொல்ல வந்தது வேறு. கை கழுவ இடம் தேடிப் போனபோது ஒரு நாள் பின்பக்க அறையின் கதவு திறந்திருந்தது. டிரைவரும் கண்டக்டரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வாழை இலை. இலையில் முட்டை தோசை, ஓரம் முறுகலாக, ஆவி பறக்க. பக்கத்தில் மாஸ்டரே நின்று, "இன்னொண்ணு வைக்கட்டாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சாப்பாடு இலவசம்.

அதே அடுப்பு, அதே மாவு, அதே மாஸ்டர். அந்தக் கைக்கு நல்ல தோசை சுடத் தெரியும் என்பதற்கு ஆதாரம் அந்த இலையில் இருந்தது. ஆனால் ஐம்பது பேர் காசு கொடுத்துச் சாப்பிடும் கூடத்துக்கு அது வராது. ஏனென்றால் அந்த ஐம்பது பேர் அங்கே வந்து சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தது அவர்கள் அல்ல.

இதற்குக் கொஞ்ச நாள் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தர மேலாண்மைப் பயிற்சி நடத்தினார்கள். பயிற்சியாளர் டை கட்டியிருந்தார். "தரம் என்பது மனநிலை" என்றார். எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். மதியம் பிரியாணி போட்டார்கள், மறுநாள் பழைய வேலையைப் பழையபடியே பார்த்தோம். அவரை அந்த மோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று கேட்க எனக்கு ஆசை. பின்னறையில் இருக்கும் மனநிலை, இருபது அடி நடந்து முன்கூடத்துக்கு வருவதற்குள் எங்கே போய்விடுகிறது?

விடைக்கு ஜப்பான் வரை போக வேண்டாம் என்பது என் கட்சி. விழுப்புரத்தைச் சுற்றிச் சைக்கிள் மிதித்தாலே போதும்.

முதல் நிறுத்தம் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். சிவன், பிரம்மா, திருமால் மூவருக்கும் சேர்த்து ஒரே வளாகம், மூன்று அறைகள். அதில் ஒரு வடமொழிக் கல்வெட்டு வைத்தான். எல்லா ராஜாக்களும் இன்னது போட்டுக் கட்டினேன் என்று எழுதுவார்கள். இவன் எதையெல்லாம் போடவில்லை என்று எழுதினான். செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து கிடையாது, விசித்திரசித்தன் என்று பட்டம் பெற்ற நான் எடுத்த கோயில் இது என்பது சாரம். இன்றைக்கு பிஸ்கெட் பாக்கெட்டில் மைதா இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை, செயற்கை நிறம் இல்லை என்று அச்சடிக்கிறார்களே, அதற்கு மூதாதை இந்தக் கல்வெட்டு.

இப்படி ஒரு கல்வெட்டு எழுத வேண்டுமென்றால் அந்த மனிதன் சப்ளையர்களிடம் எவ்வளவு பட்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு கட்டியவர்களுக்கு அந்த வலி புரியும். அரை வேக்காட்டுச் செங்கல் வந்திருக்கும். சூளைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டால் மழை என்றிருப்பான். மரக்காரன் தேக்கு என்று சொல்லி வேறெதையோ இறக்கியிருப்பான். கொல்லனைக் கேட்டால் கரி சரியில்லை. கொத்தனைக் கேட்டால் மூன்று பேரையும் காட்டியிருப்பான். ராஜா ஒரு நாள் காலையில் எழுந்து, நாலு பேர் கணக்கையும் முடித்து அனுப்பிவிட்டு, உளிக்காரனை மட்டும் வைத்துக்கொண்டான். இது என் கற்பனைதான், ஆனால் சூளைக்குப் போய் நின்ற அனுபவத்தில் விளைந்த கற்பனை.

மகேந்திரன் கோபித்துக்கொள்ள மாட்டான். மத்தவிலாசப் பிரகசனம் என்று அவனே ஒரு நையாண்டி நாடகம் எழுதியவன். அதில் குடிபோதையில் இருக்கும் ஒரு காபாலிகனின் மண்டையோட்டுக் கிண்ணம் காணாமல் போகும். அவன் ஒரு பௌத்த பிட்சுவைப் பிடித்து நீதான் எடுத்தாய் என்பான். பெரிய வாக்குவாதம், மத்தியஸ்தம், தத்துவ விசாரணை எல்லாம் நடக்கும். கடைசியில் பார்த்தால் கிண்ணத்தை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். நான் உட்கார்ந்து எழுந்த எல்லாத் தரக் குறைபாட்டு விசாரணைக் கூட்டங்களிலும் நடந்தது இதுதான். உற்பத்திப் பிரிவு கொள்முதலைப் பிடிக்கும், கொள்முதல் கிடங்கைப் பிடிக்கும், நாயை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை.

மண்டகப்பட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் பழி போட ஆள் இல்லாத ஏற்பாடு. செங்கல் சுவரில் ஒரு கல் கோணினால் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம், மேலே சாந்து பூசி மறைக்கவும் செய்யலாம். பாறையில் மூக்கில் ஒரு சில்லு அதிகம் தெறித்தால் அந்தத் துவாரபாலகன் ஆயுசுக்கும் மூக்கறையன்தான். அதை ஒட்டவைக்கும் பசையை ராஜா ஏற்கெனவே தடை செய்துவிட்டான். ஆகவே உளி மெதுவாக இறங்கியது. இன்றும் போய்ப் பாருங்கள், கருவறைகள் மூன்றும் காலி. ஆனால் இரண்டு துவாரபாலகர்களும் கதாயுதத்தோடு முகப்பில் நின்றபடியே இருக்கிறார்கள். சரக்கு போய்விட்ட கிடங்குக்கு ஷிப்ட் மாறாமல் காவல்.

அடுத்த நிறுத்தத்துக்கு நானூறு வருஷம் தாண்ட வேண்டும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரம் இருக்கிறது, அந்தக் காலத்து ராஜராஜபுரம். ராஜராஜனின் அக்காள் குந்தவை அங்கே சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் கட்டினாள். கட்டியதோடு விடவில்லை. என்னென்ன நகை கொடுத்தேன், பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, முத்து எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்தாள். அக்காள் நம்பிக்கை இல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. சாமியை நம்பினாள். பொன்னை நிறுத்து வைத்தாள். இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை.

அவள் தம்பி மகன் ராஜேந்திரன் காலத்தில், சுமார் 1025 வாக்கில், விக்கிரவாண்டி வட்டாரத்திலுள்ள எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடந்தது. அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டு அந்தக் கல்லூரியின் முழு பட்ஜெட். மாணவர் 340, ஆசிரியர் 14. இன்றைய ஆய்வுக் குழு வந்தால் ஆசிரியர் மாணவர் விகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்கும். இளையவர் 270 பேர். ரிக் 75, யஜுர் 75, இலக்கணத் தொடக்கப் பாடம் 40 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை சீட் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். மேல் வகுப்பு 70 பேர். வியாகரணம் 25, மீமாம்சை 35, வேதாந்தம் 10. அன்றைக்கும் வேதாந்தத்துக்குக் கூட்டம் கம்மி.

இளைய மாணவனுக்கு நாளைக்கு ஆறு நாழி நெல். மேல் வகுப்புக்காரனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. மூளைக்கு வேலை கூடினால் வயிற்றுக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். வருஷத்துக்கு மொத்தம் 10,506 கலம் நெல், 61½ கழஞ்சு பொன். அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள். நம் ஊர் பட்ஜெட்டில் கோடிகளை 'சுமார்' என்று தாண்டிப் போகிறோம். இவர்கள் அரையைக் கல்லில் வெட்டினார்கள்.

அந்தப் பொன்னை எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வியாகரணம் நடத்தும் ஆசிரியருக்கு அத்தியாயம் ஒன்றுக்கு ஒரு கழஞ்சு. பாணினி இலக்கணம் எட்டு அத்தியாயம், ஆக எட்டுக் கழஞ்சு. மீமாம்சைக்காரருக்குப் பன்னிரண்டு அத்தியாயம், பன்னிரண்டு கழஞ்சு. தினப்படி நெல் வந்து உட்கார்ந்ததற்கு. பொன் நடத்தி முடித்ததற்கு. மூன்றாம் அத்தியாயத்தில் சுவடியை மூடிவிட்டு, கல்யாணம், காதுகுத்து என்று இழுத்தடிக்கும் வாத்தியாருக்கு மூன்று கழஞ்சோடு சரி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியில் அமர்வதற்குப் பொன் கிடையாது.

மேல் வகுப்பு மாணவனுக்கும் தலைக்கு அரைக் கழஞ்சு உண்டு. பிள்ளை படிப்பதற்கு அவனுக்குப் பொன் கொடுத்திருக்கிறார்கள். நாம் பிள்ளை படிப்பதற்கு இருக்கிற பொன்னைக் கொண்டுபோய் அடகு வைக்கிறோம்.

சும்மா புகழ்ந்துவிட்டுப் போக மனசு வரவில்லை. அந்த 340 பேரும் வேதம் ஓதும் வீட்டுப் பிள்ளைகள். 10,506 கலத்தை விளைத்துக் கொடுத்தவன் பிள்ளைக்கு அங்கே அட்மிஷன் இல்லை. கல்லூரியின் பாடப் பிரிவுகளைப் பார்த்தாலே தெரியும், யாருக்காக யார் எழுதிய பட்ஜெட் என்று. பின்னறை இலை அன்றைக்கும் இருந்தது.

ஆனாலும் சோழர் காலத்து ஊர்ச்சபைகளுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூரில், பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதினார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அது போதாதென்று அவனுடைய அப்பன், மகன், மாமன், மருமகன், சிற்றப்பன், சித்தி பிள்ளை என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குச் சொந்தங்களைப் பட்டியல் போட்டு, இவர்களும் கூடாது என்றார்கள். தணிக்கை என்றால் என்ன என்று புரிந்தவர்கள் எழுதிய விதி. சித்தப்பா தணிக்கை செய்தால் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு செஞ்சிக்கு வாருங்கள்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகள் சேர்ந்த தொகுப்பு, அதில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் அவுரங்கசீப்பிடமிருந்து தப்பி இங்கே வந்து உட்கார்ந்தார். அவரைப் பிடிக்க 1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் படையோடு வந்து சேர்ந்தார். வேலை எளிமையானது. மலை மூன்று, கோட்டை ஒன்று, ராஜா ஒருவர். பிடித்து அனுப்ப வேண்டும். கோட்டை கைக்கு வந்தது 1698இல்.

ஏழு வருஷத்துக்கும் மேலே. கீழே பாசறையில் பிறந்த குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும். ராஜகிரி மலை உயரம், சுனை வற்றாது, களஞ்சியம் பெரியது என்று கோட்டையின் பெருமையைச் சொல்லுவார்கள். எல்லாம் உண்மை. மேற்கேயிருந்து சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படையிலேயே வேலை பார்த்த பீம்சேன் என்றொரு ஆள் நினைவுக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். எல்லா நிறுவனத்திலும் இப்படி ஒருவர் மூலையில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டிருப்பார், பதவி உயர்வு வராது. அவர் சொல்வதன் சாரம்: தளபதி மனசு வைத்திருந்தால் வந்த புதிதிலேயே கோட்டையை எடுத்திருக்கலாம். வேலையை இழுத்துக்கொண்டு போவது தளபதிகளின் வழக்கம்.

ஏன் இழுக்க மாட்டார்? கணக்கைப் பாருங்கள். கோட்டை விழாத வரை ஜுல்பிகர் கான் பெரிய படைக்குத் தலைவர், தெற்கே ராஜா மாதிரி. டில்லிப் பணம் வரும். இடையில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கப்பம் வசூலிக்கலாம், அதையும் செய்தார். கோட்டை விழுந்தால் மறுநாளே ஓலை வரும்: "சபாஷ், அடுத்த மலைக்குப் போ." சம்பளம் முற்றுகைக்கு. ஆகவே முற்றுகை நன்றாக நடந்தது. உலகத் தரத்தில் நடந்தது.

பாதுஷாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. மேற்பார்வை பார்க்க ஆள் அனுப்பினார். யாரை? தலைமை அமைச்சர் அசத் கானை. அசத் கான் யார்? ஜுல்பிகர் கானின் அப்பா. எழுநூற்றெழுபது வருஷம் முன்பு உத்திரமேரூர்க்காரர்கள் அப்பன், மகன் என்று கல்லில் வெட்டி வைத்ததை அவுரங்கசீப்புக்கு யாராவது பாரசீகத்தில் பெயர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அப்பா தனியாக வரவில்லை. பாதுஷாவின் கடைசி மகன் காம்பக்ஷும் கூட வந்தார். ஆக மேலாளர் ஒருவர், அவருடைய அப்பா ஒருவர், முதலாளியின் பிள்ளை ஒருவர். மூன்று பேருக்கும் தனித்தனிக் கூடாரம். குடும்பக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். பாதுஷா இறந்துவிட்டார் என்று ஒரு புரளி வந்தது. முதலாளியின் பிள்ளை மலை மேலே இருந்த ராஜாராமுக்கே ரகசியமாகத் தூது விட்டார், எனக்குத் துணை வருவாயா என்று. அப்பாவும் மகனும் அதைக் கண்டுபிடித்து, பிடிக்க வந்த ராஜாவை விட்டுவிட்டு, கூட வந்த இளவரசனைக் கைது செய்தார்கள். ஆண்டறிக்கையில் 'ஒரு முக்கியக் கைது' என்று போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் பாசறையில் தானியம் தீர்ந்துபோனது. ஜுல்பிகர் கான் முற்றுகையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். மறுபடி வந்தார். மறுபடி சுற்றி வளைத்தார். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்னமே நழுவி மகாராஷ்டிரம் போய்விட்டார். தளபதியின் ஒத்தாசை இல்லாமல் இது நடக்குமா என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். கோட்டைக்கு மட்டும் தளபதியின் பட்டப்பெயரால் நுஸ்ரத்கட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பொருள் கை நழுவிவிட்டது, டப்பாவில் லேபிள் ஒட்டியாயிற்று, திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியது.

கடைசி நிறுத்தம் நம்ம ஊர் மல்லாட்டை. நிலக்கடலை, வேர்க்கடலை என்று புத்தகங்கள் சொல்லும். மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது எங்கள் பக்கத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டம் மல்லாட்டையில் மாகாணத்துக்கே முன்னோடி. 1879இல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் வந்தது. செம்மண்ணில் பிடுங்கிய கொட்டை ரயிலேறி, கப்பலேறி, சூயஸ் தாண்டி பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. நம் கோவணத்துச் சம்சாரி பிரெஞ்சுக்காரனைக் குளிப்பாட்டினான் என்று சொன்னால் மிகையில்லை.

வந்தது வினை. மார்செய்க்காரன் சரக்கு சரியில்லை என்றான். எண்ணெய் காறுகிறது, சாப்பாட்டுக்கு ஆகாது, சோப்புக்குத்தான் லாயக்கு. காரணம் தேடினால் ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. காய்ந்த கொட்டையைக் கையால் உடைத்துப் பருப்பெடுப்பது நகம் பெயரும் வேலை. தண்ணீர் தெளித்து ஊறவைத்தால் தோல் இளகிச் சுலபமாக உடையும். உடைக்கிற பெண்ணுக்குக் கூலி அளவுக்கு, எனவே அவளுக்கு லாபம். பருப்பு தண்ணீரைக் குடித்துக் கனக்கும், வியாபாரி வாங்குவது எடைக்கு, எனவே விற்பவனுக்கும் லாபம். தரகன் கமிஷன் அந்த எடைக்கு மேலே, அவனுக்கும் லாபம். ஈரப் பருப்பு மூட்டைக்குள் புழுங்கி, கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கில் வெந்து, மார்செய் போய்ச் சேரும்போது வாடை வீசும். நஷ்டம் முதன்முதலாக யார் மூக்கில் ஏறுகிறதோ, அவன் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான். விழுப்புரத்துத் தண்ணீரைக் கடலை விலைக்கு வாங்கியவன் அவன்.

இங்கே என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தியர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சிலர் அறிக்கை எழுதியிருப்பார்கள். உறுதிமொழி எடுக்க வைத்தால் திருந்துவார்கள் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள், டை கட்டிக்கொண்டு. கொட்டையை உலர்வாகவே உடைக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் ஈரம் குறைந்தது. தண்ணீர் தெளித்து யாருக்கும் ஆகப் போவது ஒன்றுமில்லை என்றானதும் தண்ணீர் கிணற்றிலேயே தங்கியது. ஒழுக்கம் அப்படியேதான் இருந்தது.

இதையே பிற்காலத்தில் அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் ஒரு விளையாட்டாக நடத்திக் காட்டுவார். பெட்டியில் வெள்ளை மணி நாலு பங்கு, சிவப்பு மணி ஒரு பங்கு. குழி போட்ட மட்டையால் மணிகளை அள்ள வேண்டும், சிவப்பு வரக் கூடாது. அள்ளுகிறவர்களை மேலாளர் பாராட்டுவார், திட்டுவார், பதக்கம் கொடுப்பார், வேலையை விட்டுத் தூக்குவார். சிவப்பு வந்துகொண்டேயிருக்கும், ஏனென்றால் பெட்டியில் போட்டது யார்? 1950இல் ஜப்பானுக்குப் போய் அவர் பாடம் சொன்னார், மறு வருஷம் அவர் பெயரில் அங்கே விருது ஏற்படுத்தினார்கள். அந்த விருது இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது 1998இல், சென்னை பாடியில் அப்போது பிரேக் செய்துவந்த சுந்தரம் கிளேட்டனுக்கு. விலை ஒன்றை மட்டும் பார்த்துச் சரக்கு வாங்காதே என்பது டெமிங்கின் கட்டளைகளில் ஒன்று. மகேந்திரவர்மன் இதற்கு எழுந்து கை தட்டியிருப்பான்.

மல்லாட்டைக்குத் திரும்பினால், எடைக் கல்லுக்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. சந்தையில் துண்டைப் போர்த்தி, அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். விற்கிறவனுக்கே விலை தெரிய நேரமாகும். அப்புறம் சாக்குக்குக் கழிவு, தூசிக்குக் கழிவு, சாம்பிளுக்கு இரண்டு கை, கோயிலுக்கு ஒரு கை. கடவுளும் சம்சாரி மூட்டையிலிருந்துதான் சாப்பிட்டார். 1928இல் ராயல் கமிஷன் ஒன்று இதைப் பார்த்துவிட்டு ஒழுங்குமுறைச் சந்தை வையுங்கள் என்றது. 1933இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அந்த வழியில் வந்தவை. அறுவடைக் காலத்தில் போனால் மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்து உடைத்து, பருப்பை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். சம்சாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி.

திண்டிவனம் இன்னொரு வேலையும் செய்தது. அங்கேயுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரக மல்லாட்டையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். அனந்தப்பூர்ப் பக்கத்து ஆந்திர விவசாயியும் கர்நாடகத்து விவசாயியும் பல பத்து வருஷங்கள் அதையே விதைத்தார்கள். திண்டிவனத்துக்காரர் வெளியூர் போனால், "எந்த ஊர்?" என்று கேட்பவரிடம் "மெட்ராஸ் பக்கம்" என்பார். அனந்தப்பூர்க்காரருக்குத் திண்டிவனம் என்று சொன்னாலே போதும், வீட்டில் மூட்டை இருக்கிறது.

இத்தனையும் சுற்றிவிட்டு அந்த மோட்டல் மாஸ்டரிடம் திரும்பினால், அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாருக்குச் சுட்டால் நாளைக்கும் வண்டி ஒதுங்குமோ, அவருக்கு நன்றாகச் சுடுகிறார். மனநிலையில் ஒரு கோளாறும் இல்லை. ஜுல்பிகர் கானுக்கும் இல்லை, தண்ணீர் தெளித்த பெண்ணுக்கும் இல்லை. கூலியை எதற்குக் கட்டியிருக்கிறார்களோ அதைத்தான் எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள்.

போன மாதம் திருச்சியிலிருந்து வந்த வண்டியில் விழுப்புரத்தில் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டி வழக்கம் போல மோட்டலில் நின்றது. டிரைவர் பின்னறையில் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே வந்தார். நான் இறங்கவில்லை. திண்டிவனத்தில் வண்டி மெதுவானதும் அவித்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு அம்மா டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. டிரைவர் கையை நீட்டி ஒரு கொட்டையை எடுத்தார், உடைத்தார், ஒளிக்கு எதிரே காட்டிப் பார்த்தார், மென்றார். இன்னொன்றை எடுத்து அதையும் உடைத்தார்.

"நேத்து அவிச்சதா?"

"காலையில இறக்குனது நைனா, கையை வச்சுப் பாரு, சூடு இருக்குதா இல்லையா."

சட்டைப்பையிலிருந்து சொந்தப் பணம் இருபது ரூபாயை எடுத்தார். கொடுக்கவில்லை, விரலிடுக்கில் வைத்துக்கொண்டு படியையே பார்த்தார்.

"மொதல்ல படிக்குள்ள இருக்கிற கட்டைவிரலை வெளிய எடும்மா, அப்புறம் அள."